கட்டி கரைந்துவிட்டது, இனி ஆபரேஷன் எதற்கு?

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவருக்கு 45 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் தையல் கடை நடத்துகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பதினொன்றாம் வகுப்பு. போன வருடம் எட்டு மாதம் மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக் கை வைத்தியம், களிம்பு, மாத்திரை என்று ஓட்டியிருக்கிறார். கடைசியில் ஒரு மருத்துவர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தபோதுதான் கட்டி தட்டுப்பட்டது. பயாப்ஸியில் மலக்குடல் புற்றுநோய் என்று வந்தது. ஆசனவாயிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் கட்டி, குடல் சுவரைத் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கியிருந்தது, பக்கத்தில் இரண்டு நெறிக்கட்டிகள் மீதும் சந்தேகம். ஈரலிலும் நுரையீரலிலும் பரவல் இல்லை. காப்பீட்டு அட்டையை வைத்து மதுரையில் 28 நாள் கரண்ட் (கதிர்வீச்சு), கூடவே கீமோ மாத்திரை, அதன் பிறகு 21 நாளுக்கு ஒருமுறை ஐந்து கீமோ. எல்லாம் முடிந்து எட்டு வாரம் கழித்து எடுத்த எம்ஆர்ஐ, ‘கட்டி தெரியவில்லை, தழும்பு மட்டும் உள்ளது’ என்கிறது.

சிகிச்சை அளித்த அறுவை நிபுணர், மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு நிரந்தரமாக வயிற்றில் மலம் சேரும் பை வைக்க வேண்டும் என்கிறார். இன்னொரு மருத்துவர், கண்காணிப்பில் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். “ஒரேயடியாக எடுத்துவிடுங்கள்” என்கிறார் மனைவி. “கட்டியே இல்லாத இடத்தை ஏன் வெட்ட வேண்டும்?” என்கிறார் மைத்துனர். அமெரிக்காவில் ஓர் ஊசி போட்டு எல்லோருக்கும் குணமானதாகப் படித்தேனே, அது எனக்கு ஆகாதா என்றும் வாசகர் கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: அம்மா 48 வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தார், தாய்மாமாவுக்கு 52 வயதில் குடலில் கட்டி எடுத்தார்கள்.

அன்புள்ள சகோதரருக்கு,

எட்டு மாதத்தை வீணாக்கிவிட்டேன் என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ரத்தத்தைப் பார்த்து மூலம் என்று நினைக்காதவர்கள் குறைவு. மூலம் இருப்பவருக்கே கூடவே புற்றுநோயும் இருக்கக்கூடும் என்பதால்தான் விரல் பரிசோதனையை விடக் கூடாது என்கிறோம். அதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை உங்களுக்கு யாராவது முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும். அதை உங்கள் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பரோட்டா சாப்பிட்டதாலா, நாள் முழுக்க உட்கார்ந்து தைத்ததாலா என்று கேட்கிறீர்கள். ஒருவருக்கு இந்த நோய் எதனால் வந்தது என்று ஒரு விரலை நீட்டிச் சொல்ல முடியாது. ஐம்பது வயதுக்குள் வரும் குடல் புற்றுநோய் பல நாடுகளில் கூடிக்கொண்டு வருகிறது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளில் மரபணு மாற்றங்களை அலசிய ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. சில வகை ஈ.கோலை பாக்டீரியாக்கள் கோலிபாக்டின் என்றொரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மரபணுவில் விட்டுச்சென்ற அடையாளம், 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் மூன்று மடங்குக்கு மேல் காணப்பட்டது. அது சிறுவயதிலேயே விழுந்த அடையாளமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இன்னும் முடிவான பேச்சு இல்லை. ஆனால் பழைய தட்டுகளை எண்ணிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை. உங்கள் குடும்பத்தில் வேறொரு தடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸ்கேனில் தெரியவில்லை என்றால்

உங்கள் மைத்துனரின் கேள்வி நியாயமானது. ஆனால் ‘தெரியவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. மலக்குடல் கட்டி முழுமையாகப் போய்விட்டது என்று நாங்கள் சொல்வதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும்: விரல், கேமரா (ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பார்ப்பது), எம்ஆர்ஐ. மூன்றும் ஒரே வாக்குமூலம் தர வேண்டும்.

நல்ல பலன் கிடைத்த இடத்தை விரலால் தொட்டால் வழவழப்பாக இருக்கும். மேடோ பள்ளமோ தட்டுப்படாது. கேமராவில் பார்த்தால் தட்டையான வெள்ளைத் தழும்பு, அதன் மேல் நூல் பிரிந்ததுபோல் சிவப்பு ரத்த நாளங்கள். புண் இருக்கக் கூடாது, முடிச்சு இருக்கக் கூடாது. எம்ஆர்ஐயில் அந்த இடம் கறுத்த தழும்பாக மட்டும் தெரிய வேண்டும். நெறிக்கட்டிகளும் சுருங்கியிருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய தாள்களில் எம்ஆர்ஐ இருக்கிறது. விரல் பரிசோதனையில் ‘மென்மையாக உள்ளது’ என்று எழுதியிருக்கிறது. கேமரா பரிசோதனை மட்டும் எங்கேயும் இல்லை. ஆகவே இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது சரி என்று இன்றைக்கு உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அடுத்த வாரமே அதைச் செய்யச் சொல்லுங்கள். தழும்பின் படத்தை அச்செடுத்து ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் அளவுகோல்.

‘தழும்பில் பயாப்ஸி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்து, புற்று இல்லை என்று வந்தாலும் அதை நம்பி உட்கார முடியாது. மேல்தோல் சுத்தமாகி, மிச்சச் செல்கள் சுவருக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கலாம். பயாப்ஸி இடுக்கி அவ்வளவு ஆழம் போகாது. பயாப்ஸி எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பயத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

கேமராவில் ஓரத்தில் சின்னப் புண், லேசான தடிப்பு என்று ஏதாவது தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். கரண்டின் வேலை சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதம் நடந்துகொண்டிருக்கும். இன்னும் எட்டு வாரம் போகட்டும் என்று சொல்லி மறுபடி பார்ப்பதுண்டு. அப்போதும் அது போகாமல் இருந்தால், ஆபரேஷன்தான்.

கண்காணிப்பு: எண்கள் சொல்வது

மலக்குடல் புற்றுநோயில் கண்காணித்துக் காத்திருக்கும் முறையை உலகத்துக்குப் பழக்கியவர் பிரேசில் நாட்டு அறுவை நிபுணர் அஞ்செலிட்டா ஹப்ர்-காமா. கரண்டும் கீமோவும் முடிந்த பிறகு கட்டி முழுதாக மறைந்தவர்களை உடனே வெட்டாமல் தொடர்ந்து கவனித்து, அந்த அனுபவத்தை 2004இல் வெளியிட்டார். பல அறுவை நிபுணர்கள் அன்றைக்கு அதை ஏற்கவில்லை. இன்றைக்கு அது உலகின் பெரிய புற்றுநோய் மையங்களில் அங்கீகரிக்கப்பட்ட ஒரு வழி.

பல நாடுகளிலிருந்து திரட்டி 2018இல் வெளிவந்த 880 பேரின் விவரம் இது. இவர்கள் எல்லோருக்கும் சிகிச்சைக்குப் பிறகு ‘கட்டி போய்விட்டது’ என்று பரிசோதனைகள் சொல்லியிருந்தன. இரண்டு ஆண்டுக்குள் நான்கில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் மறுபடி முளைத்தது. அப்படி முளைத்ததில் 88 சதவீதம் முதல் இரண்டு ஆண்டிலேயே தெரிந்தது. 97 சதவீதம் குடல் சுவரிலேயே இருந்தது. விரலும் கேமராவும் எட்டும் இடம் அது. காலாகாலத்தில் பார்த்தால் பிடித்துவிடலாம் என்ற தைரியம் இந்த எண்களிலிருந்துதான் வருகிறது.

அமெரிக்காவில் ஓப்ரா என்ற பெயரில் நடந்த ஆய்வில், உங்களுக்குக் கொடுத்ததுபோலவே முதலில் கரண்ட், பிறகு கீமோ என்ற வரிசையில் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஐந்து ஆண்டு கழித்தும் மலக்குடலை இழக்காமல் இருந்தார்கள். மறுபடி முளைத்து அப்போது ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், முதலிலேயே செய்துகொண்டவர்களுக்கும் நோயில்லாத வாழ்நாளில் வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் அது நேர்மை இல்லை. நியூயார்க்கில் 113 பேரைக் கவனித்ததில் 22 பேருக்குக் கட்டி திரும்பியது. அந்த 22 பேரில் 8 பேருக்கு வேறு உறுப்புகளிலும் நோய் தெரிந்தது. திரும்பாத 91 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. திரும்பிய கட்டியால் நோய் பரவியதா, அவர்களின் நோயே ஆரம்பத்திலிருந்து மூர்க்கமானதா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. உங்கள் மனைவியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடாதீர்கள்.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று மைத்துனர் நினைக்கிறார். முதல் இரண்டு ஆண்டு, மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல், கேமரா, சிஇஏ (குடல் புற்று திரும்பினால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ; இடையில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி. அதற்குப் பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தீபாவளித் துணி குவிந்து கிடந்தாலும், வீட்டில் கல்யாணம் என்றாலும் தேதி மாறக் கூடாது. என்னிடம் வந்த ஒரு லாரி டிரைவருக்குத் தழும்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூன்று முறை வந்தார். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று நின்றுவிட்டார். பதினான்கு மாதம் கழித்து ரத்தத்தோடு வந்தபோது, எளிதாக எடுத்திருக்கக் கூடிய கட்டி இடுப்பெலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பையும் தையல் மெஷினும்

உங்கள் அறுவை நிபுணரை ‘வெட்டுவதிலேயே குறி’ என்று நினைக்க வேண்டாம். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் ஒரே பொட்டலமாக எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982இல் எழுதினார். அதன் பிறகுதான் இடுப்புக்குள் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கைகொடுத்த வழியைத்தான் அவர் சொல்கிறார். கட்டி ஆசனவாயின் பிடிப்புத் தசைக்கு மிக அருகில் இருந்ததால் நிரந்தரப் பை என்கிறார். தசையைத் தொடாமல் குடலை இணைக்க வாய்ப்பு உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உண்டு என்றாலும், இவ்வளவு கீழே இணைத்தால் ஒரு நாளில் பலமுறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும், அடக்க முடியாமலும் போகலாம். அதைவிடப் பையே நிம்மதி என்று சொன்ன நோயாளிகள் எனக்கு உண்டு.

‘மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவன் பையோடு எப்படி உட்காருவேன்’ என்று கேட்டிருந்தீர்கள். பை இடது அடிவயிற்றில் வரும், சட்டைக்குள் மறைந்துவிடும். உட்காருவதற்கு அது தடையில்லை. சிரமம் வேறிடத்தில்: ஆசனவாயை எடுத்துத் தைத்த இடம், கரண்ட் வைத்த சதை என்பதால் ஆற நாளாகும். சில மாதம் அழுத்தி உட்கார முடியாது. சிறுநீர்ப்பைக்கும் தாம்பத்தியத்துக்கும் போகும் நரம்புகள் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகின்றன. அவை பாதிக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பெரும்பாலானவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு, பின்னால் தனியாகக் கிடந்து மருகுகிறார்கள். பை இடும் இடத்தை ஆபரேஷனுக்கு முதல் நாளே, நீங்கள் தையல் மெஷினில் உட்காரும் வாக்கில் உட்காரவைத்து, பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். பெல்ட் கட்டும் இடத்திலோ வயிற்று மடிப்பிலோ வந்துவிட்டால் தினமும் தொல்லை.

அந்தக் கடைசி வரி

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி.

மரபணு நகலெடுக்கும்போது வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் நம் செல்களில் இருக்கின்றன. அந்தத் திருத்தும் வேலை பிறவியிலேயே பழுதாக இருந்தால் லிஞ்ச் நோய்க்குறி என்கிறோம். அந்தக் குடும்பங்களில் குடல் புற்றும் கர்ப்பப்பையின் உட்படலப் புற்றும் இளம் வயதிலேயே வரும். அம்மா, அம்மாவின் சகோதரர், இப்போது நீங்கள்: மூன்று பேர், இரண்டு தலைமுறை, இருவர் ஐம்பதுக்குள். இந்த வரிசையைப் பார்த்தால் எந்தப் புற்றுநோய் மருத்துவரும் சோதித்துப் பார்க்கத்தான் சொல்வார்.

ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் ‘கர்ப்பப்பைப் புற்று’ என்று இரண்டையுமே சொல்கிறோம். கர்ப்பப்பை வாயில் வருவது வைரஸால் வருவது, இதோடு சம்பந்தமில்லை. உட்படலத்தில் வருவதுதான் லிஞ்சோடு சேர்ந்தது. அம்மாவுக்கு எது என்று பழைய தாள்தான் சொல்லும்.

அதோடு, உங்கள் முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எம்எம்ஆர் பரிசோதனை, அதாவது அந்தத் திருத்தும் புரதங்களைப் பார்க்கும் சோதனை, செய்ததாகத் தெரியவில்லை. அந்தச் சதைத் துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் புரியும். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இப்போது கட்டி மறைந்துவிட்டதால் சோதிக்க அந்தத் துணுக்குதான் மிச்சம். தொலையவிடாதீர்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. யாரும் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம்.

நீங்கள் படித்த அமெரிக்க ஊசியின் விஷயமும் இங்கேதான் வருகிறது. டாஸ்டார்லிமாப் என்ற மருந்து அது. 2022இல் 12 பேருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் கொடுத்து, 12 பேருக்கும் கட்டி மறைந்தது. 2025இல் 49 மலக்குடல் நோயாளிகளிடமும் அதே பலன். எனக்கே படித்தபோது சிலிர்த்தது. ஆனால் அத்தனை பேரும் அந்தத் திருத்தும் புரதம் பழுதானவர்கள். மலக்குடல் புற்றில் அப்படிப்பட்டவர்கள் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களுக்கு இந்த மருந்து இப்படி வேலை செய்வதில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் லட்சங்களைப் புரட்ட ஓடாதீர்கள். பழுது இருக்கிறது என்று வந்தால், நாளைக்குக் கட்டி திரும்பினாலும் ஆபரேஷனுக்கு முன்னால் யோசிக்க இன்னொரு வழி கையில் இருக்கும்.

அப்புறம், பிள்ளைகள். லிஞ்ச் என்று உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால், 20–25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடல் முழுவதையும் கேமரா விட்டுப் பார்ப்பது. கட்டியாக மாறும் முன்னே சின்னப் பாலிப்பாக (குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை) இருக்கும்போதே எடுத்துவிடலாம். மகளுக்கும் உங்கள் அக்காவுக்கும் கர்ப்பப்பையையும் கவனிக்க வேண்டும். லிஞ்ச் இல்லை என்று வந்தாலும், பிள்ளைகள் 35 வயதில் முதல் கொலோனோஸ்கோபியைச் செய்துகொள்ளட்டும். உங்களுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னால் என்பது கணக்கு. மகளின் கல்யாணப் பேச்சு கெடும் என்று இதை மூடி வைக்க நினைப்பீர்கள். எத்தனையோ அப்பாக்கள் நினைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

என் கருத்து

உங்களை நேரில் பார்க்காமல் சொல்வது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவிலும் தழும்பு சுத்தமாக இருந்து, ஐந்து ஆண்டு தேதி தவறாமல் வர முடியும் என்றால், நான் கண்காணிப்பின் பக்கம்தான் சாய்வேன். வர முடியாது, கடையையும் வீட்டையும் விட்டு அலைய வழியில்லை என்று உங்களுக்கே தோன்றினால், ஆபரேஷனே பாதுகாப்பு. அது தோல்வி ஆகாது. ஆனால் முடிவெடுக்கும் முன் பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் கரண்டும் கீமோவும் கிடைத்ததுபோல் இந்தத் தொடர் ஸ்கேன்களும் கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். எந்த வழி என்றாலும், அறுவை, கரண்ட், கீமோ, ஸ்கேன் மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் உங்கள் ஃபைலை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகச் சொன்னதை நீங்கள் நடுவில் நின்று தீர்த்து வைக்க வேண்டியதில்லை.

நாட்டு மருந்து பற்றிக் கேட்டீர்கள். எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்; அதை நம்பிப் பரிசோதனைத் தேதியை மட்டும் விடாதீர்கள். ஊசியில் நூல் கோக்கும்போது விரல் நுனி மரத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது கீமோ மருந்தின் வேலை. மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொடும்போது கவனம். தினமும் நடங்கள். கீமோ முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2025இல் வந்தது. மூன்று ஆண்டு முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் 80 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டிலும் நோயின்றி இருந்தார்கள், மற்றவர்களில் 74. அது மலக்குடலுக்கான ஆய்வு இல்லைதான், ஆனாலும் நடப்பதால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் வராது.

அம்மாவின் பழைய மருத்துவத் தாள்கள் அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் எடுங்கள். மஞ்சளாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை. பயாப்ஸி ரிப்போர்ட் என்று இருக்கும் பக்கத்தை மட்டும் தனியாக வைத்து, கேமரா பரிசோதனைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.